ஊர் ஒத்துக்கல

மாமனார் வீட்டோடு போய்த் தங்குகிற மாப்பிள்ளைக்காவது ஊர் வாயில் ஒரு பட்டம் உண்டு. சகலை வீட்டோடு போய்த் தங்குகிறவனை என்ன சொல்லிக் கேலி செய்வதென்று யாரும் இதுவரை யோசித்து வைக்கவில்லை. அந்த ஒரு சௌகரியத்தை நம்பித்தான் சின்ன மாப்பிள்ளை மனைவியையும் பெட்டிகளையும் கூட்டிக்கொண்டு மழை ஊருக்கு வந்து இறங்கினான். மனைவியின் அக்காவைக் கட்டியவர் அங்கே பேக்கரி வைத்திருந்தார். முன்னால் கடை, நடுவில் விறகில் எரியும் பெரிய அடுப்பு, பின்னால் வீடு. அந்த வீட்டின் பின்னறையில் ஏற்கெனவே மாமனார் இருந்தார். ஆக, ஒரே கூரைக்குக் கீழே ஒண்ட வந்த ஆண்பிள்ளைகள் இரண்டு பேர் ஆனார்கள். இருவரும் சாப்பிடும்போது தட்டை ஒரே மாதிரிதான் வழித்து வைப்பார்கள்.

சின்ன மாப்பிள்ளை வேலை தெரியாதவன் இல்லை. வெயில் ஊரில் ஒரு விறகுக் கடையில் விறகு அடுக்குவதுதான் அவன் வேலை. அவன் அடுக்கியதன் மேல் ஆள் ஏறி நடக்கலாம், ஒரு கட்டை அசையாது. முதலாளியின் பிள்ளைகள் கடை இருந்த இடத்தை விற்றுவிட்டதால்தான் வேலை போனது, கை வேலை சரியில்லாமல் இல்லை. இதை அவன் கேட்டவர்களிடமும் சொல்வான், கேட்காதவர்களிடமும் சொல்வான். கர்வப்பட வேறு எதுவும் மிச்சமில்லாதவன் இருப்பதை இறுக்கிப் பிடித்துக்கொள்ளத்தானே செய்வான்.

மழைக்காலம் தொடங்குவதற்கு முன்னால் பேக்கரிக்கு ஒரு லாரி விறகு வந்தது. பேக்கரிக்காரர் மாவு படிந்த கையோடு கொல்லைப் பக்கம் வந்தார். லாரிக்காரர், இறக்குகிற ஆட்கள், ஜன்னலில் மாமனார், துணி காயப்போட்டுக்கொண்டிருந்த அண்ணி, அதாவது மனைவியின் அக்கா, இத்தனை பேருக்கும் கேட்கிற மாதிரி பேசினார்.

"தம்பி, இது உங்க ஊர் இல்ல. கீழ மரச்சட்டம் போட்டு அதுக்கு மேல வைங்க. பட்டை மேல பார்த்து இருக்கணும். சுவர்லேர்ந்து ஒரு முழம் தள்ளி அடுக்குங்க, அதான் முக்கியம். மேல மட்டும் மூடினா போதும், பக்கத்துல காத்து போகட்டும்."

சொன்னதில் ஒரு தப்பும் இல்லை. சொன்ன இடம்தான் தப்பு. இறக்குகிற ஆட்களில் ஒருவன் சிரித்தான். சின்ன மாப்பிள்ளைக்குக் காது மடல் சுட்டது. விறகோடு பிறந்து விறகோடு வளர்ந்தவனுக்கு, ரொட்டி சுடுகிறவர் வந்து பட்டை எது, கட்டை எது என்று பாடம் நடத்துகிறார். அவன் தலையை மட்டும் ஆட்டினான். அந்தத் தலையாட்டலிலேயே பாதிப் பொய் இருந்தது.

வெயில் ஊரில் மேற்குச் சுவர் என்றாலே எதிரி. மத்தியானத்துக்கு மேல் சூடேறி, இருட்டிய பிறகும் அறைக்குள் அனலைக் கக்கிக்கொண்டிருக்கும். அதனால் விறகு வாங்கி வைக்கிறவர்கள் மேற்குச் சுவரை ஒட்டித்தான் அடுக்குவார்கள். வெயிலை விறகு வாங்கிக்கொள்ளும், அறையில் மனுஷன் படுக்கலாம். தூசு படியாமல் இருக்க நாலு பக்கமும் தரைவரை மூடுவார்கள். கடைகளில் விறகை நிறுத்து விற்பதால், காற்றுப் பட்டு எடை குறையாமல் கட்டைக்குக் கட்டை சந்து விடாமல் நெருக்குவார்கள். பட்டை எந்தப் பக்கம் பார்க்கிறது என்று ஒருத்தரும் கவலைப்பட்டதில்லை. எப்போதாவது வந்து தலைகாட்டிவிட்டுப் போகும் மழைக்கு அவ்வளவு மரியாதை எதற்கு?

இங்கே கொல்லைப்புறத்தில் இருந்த மேற்குச் சுவர் மாமனாரின் அறைச் சுவர். அவரும் அந்த வெயிலில் வெந்து வந்தவர்தான். ஜன்னல் கம்பியைப் பிடித்துக்கொண்டு, பழைய வீட்டில் விறகுச் சுவர் இருந்த அறையில்தான் தனக்கு நல்ல தூக்கம் வரும் என்றார். அவர் ஒன்றும் கேட்கவில்லை, சும்மா சொன்னார். சின்ன மாப்பிள்ளைக்கு அது போதுமாக இருந்தது. ஒரு முழம் தள்ளி அடுக்கினால் துணிக்கொடிக்குப் போகிற வழி குறுகிவிடும், அண்ணி முணுமுணுப்பார் என்பதும் நினைவுக்கு வந்தது. காரணம் தேடுகிறவனுக்குக் காரணங்கள் வரிசையில் வந்து நிற்கும்.

எதிர்த்துப் பேசத் தைரியம் இல்லை, சொன்னபடி செய்ய மனசு இல்லை. அவன் இரண்டும் இல்லாத ஒரு வழியைப் பிடித்தான். அடுக்கின் முகப்பில், அதாவது பேக்கரிக்காரர் கண்ணில் படுகிற வடக்குக் கோடியில், சட்டம் போட்டான், பட்டையை மேலே வைத்தான், சுவரிலிருந்து ஒரு முழம் தள்ளினான். அதைத் தாண்டியதும் மெல்ல மெல்லச் சுவரை நெருங்கினான். நடுவிலிருந்து தெற்கு மூலை வரை சுவரோடு சுவராக, வெறும் தரையில், தன் ஊர் வழக்கப்படி நெருக்கி அடுக்கினான். ஜன்னல் விளிம்பு உயரத்துக்கு ஏற்றி, தெற்கு மூலையில் சரித்து முடித்தான். தார்ப்பாயை ஜன்னல் கம்பியில் கட்டி, பாதி ஜன்னலையும் மறைத்துத் தரைவரை தொங்கவிட்டான். மேலே மட்டும் மூடினால் போதும் என்றவரிடம், சாரல் அடித்தால் என்ன செய்வது என்று கேட்டு வாயை அடைத்தான்.

பேக்கரிக்காரர் வந்து முகப்பில் நின்றார். சுவருக்கும் விறகுக்கும் நடுவே முழங்கை வரை கையை விட்டுப் பார்த்தார். கை தாராளமாகப் போய் வந்தது.

"சொன்னா கேட்டுக்கறீங்க தம்பி. அதான் வேணும்" என்று முதுகில் தட்டினார். மாமனார் ஜன்னல் வழியாக, அடுக்கு என்றால் இதுதான் அடுக்கு, இதைப் பார்த்துக்கொண்டே பொழுதைக் கழித்துவிடலாம் என்றார். இரண்டு பாராட்டும் ஒரே நாளில் கிடைத்த சந்தோஷத்தில் சின்ன மாப்பிள்ளை அன்று கூடுதலாகவே சாப்பிட்டான்.

மழை வந்தது. வந்தது என்று சொல்வதைவிட, குடிவந்தது என்று சொல்லலாம். காலையில் தூறல், மத்தியானம் மழை, சாயங்காலம் மறுபடி தூறல். நடுவே கொஞ்சம் வெளுக்கும், கொடியில் துணி போடுவதற்குள் திரும்ப இருட்டும். தினமும் அடுப்புக்கு விறகு கொண்டுபோய்ப் போடுவது சின்ன மாப்பிள்ளையின் பொறுப்பு. முகப்பிலிருந்து எடுத்தால் இடைவெளி விட்ட பகுதி தீர்ந்து, ஒட்டிவைத்த பகுதி வெளியே தெரிந்துவிடும். அதனால் முகப்பைத் தொடாமல், தார்ப்பாய்க்குள் கையை விட்டு மேல்வரிசையிலிருந்தே உருவிக்கொண்டு வந்தான். விறகு புகைந்தது. பேக்கரிக்காரர் லாரிக்காரரைத் திட்டினார், பச்சை விறகை ஏமாற்றி ஏற்றிவிட்டார் என்று. இவன் பக்கத்தில் நின்று ஆமாம் போட்டான்.

மாமனாருக்கு அந்த வீட்டில் ஒரு வேலை இருந்தது. அவர் ஒருகாலத்தில் தையல்காரர். கேக் வைக்கிற அட்டைப் பெட்டிகள் தட்டையாகக் கட்டுக்கட்டாக வரும், அவற்றை மடித்துப் பெட்டியாக்கிக் கொடுப்பார். கட்டைவிரல் நகத்தால் கோடு இழுத்து அவர் மடித்தால் விளிம்பு கத்தி மாதிரி நிற்கும். தான் அந்த வீட்டில் சும்மா உட்கார்ந்து சாப்பிடவில்லை என்பதற்கு அந்தப் பெட்டிகளைத்தான் அவர் சாட்சியாக வைத்திருந்தார். யாராவது பார்க்க வந்தால் பெட்டிகளைப் பார்த்துத்தான் பேச்சையே ஆரம்பிப்பார். பிரிக்காத அட்டைகளை மேற்குச் சுவரில் சாய்த்து வைத்திருப்பார், கைக்கு எட்டும் தூரத்தில்.

ஒருநாள் கடை வாசலிலேயே ஒரு பெட்டியின் அடிப்பாகம் விட்டுப்போய், கேக் படியில் விழுந்து நசுங்கியது. கல்லாவில் நின்ற அவன் மனைவி சின்னவள் ஓடிப்போய் மன்னிப்புக் கேட்டு வேறு கேக் கொடுத்து அனுப்பினாள். பேக்கரிக்காரர் மாமனார் அறைக்கு வந்து ஒரு பெட்டியை எடுத்து விரலால் அழுத்தினார். அது நனைந்த பிஸ்கட் மாதிரி அமுங்கியது. அவர் கோபப்படவில்லை. மாமாவுக்குக் கை தளர்ந்துவிட்டது, மடிப்பு நிற்கவில்லை என்று மட்டும் சொன்னார். கிழவர் தன் கட்டைவிரலைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். இருக்கும், வயசாகிறதல்லவா என்றார்.

சின்ன மாப்பிள்ளைக்கு அவரைப் பார்க்கப் பாவமாக இருந்தது. அட்டைகளை வேறு பக்கம் மாற்றி வைக்கிறேன் மாமா என்று போனான். அட்டைக் கட்டைத் தூக்கியபோது கை சுவரில் பட்டது. சுவர் ஈரமாக இருந்தது. விரலை எடுத்தபோது சுண்ணாம்பு விரலோடு வந்தது.

ஈரம் சுவர் முழுக்க இல்லை. தரையிலிருந்து ஜன்னல் விளிம்பு வரை ஒரே உயரத்தில் வந்து, தெற்கு மூலையில் சரிந்து இறங்கியிருந்தது. வடக்குப் பக்கம், முழம் விட்ட முகப்புக்கு நேர் எதிரே, சுவர் வெள்ளையாகக் காய்ந்து கிடந்தது. அவன் வெளியே விறகில் அடுக்கியதை மழை உள்ளே சுவரில் அப்படியே வரைந்து காட்டியிருந்தது. சந்தேகப்பட இடமே இல்லை. வெயில் ஊரில் வெயிலைக் குடித்த விறகு இங்கே மழையைக் குடித்து, தாங்காமல் சுவருக்கும் ஊட்டிக்கொண்டிருந்தது. தார்ப்பாய் அந்த ஈரத்தை வெளியே விடாமல் காவல் காத்தது. அந்தச் சுவரை உலர்த்த வந்திருக்கக்கூடிய கொஞ்ச நஞ்ச சாயங்கால வெயிலையும் அவனே ஜன்னலில் கட்டி மறைத்திருந்தான்.

அப்போதே சொல்லியிருக்கலாம். அண்ணே, ஒட்டி வைத்துவிட்டேன் என்று ஒரு வரி. அவனுக்கு அது தெரியும். ஆனால் பேக்கரிக்காரர் முழங்கை வரை கையை விட்டுப் பார்த்த காட்சி கண்ணில் வந்து நின்றது. தெரியாமல் செய்த தப்பு என்றால் திட்டோடு போகும். இது தெரிந்து செய்தது, போதாததற்கு மறைத்தும் செய்தது. அதைக் கேட்டபிறகு அவர் இவனை வீட்டில் வைத்திருப்பாரா? வைத்திருக்காவிட்டால் எங்கே போவது? மழை விடட்டும், யாருக்கும் தெரியாமல் தள்ளி அடுக்கிவிடலாம் என்று நினைத்தான். மழை விடவில்லை.

அதற்குள் அந்தச் சுவர் அடுத்தவர் கண்ணில் பட்டுவிடக் கூடாதே. காலி மாவுச் சாக்குகளைச் சேர்த்துத் தைத்துத் திரை மாதிரி தொங்கவிட்டால் குளிர் தெரியாது மாமா என்று யோசனை சொன்னான். கிழவருக்குச் சந்தோஷம் தாங்கவில்லை. பெட்டியிலிருந்து பழைய ஊசியை எடுத்து, கண்ணாடியை மூக்கில் தள்ளிக்கொண்டு, சாக்குகளை அவரே தைத்தார். தையல் அத்தனை நேராக வந்தது. கை தளர்ந்துவிட்டது என்று சொன்னவர்களை யாராவது கூப்பிட்டுக் காட்டியிருக்கலாம். காட்டவேண்டியவன் ஆணி அடித்துத் திரையை மாட்டிக்கொண்டிருந்தான்.

"எனக்குன்னு யோசிக்கறதுக்கு இந்த வீட்ல நீங்க ஒருத்தர் இருக்கீங்க மாப்பிள்ளை" என்றார் கிழவர்.

அன்றைக்கு அவன் தட்டை வழிக்காமலே எழுந்துவிட்டான்.

பிறகு கிழவருக்கு இருமல் வந்தது. முதலில் காலையில் மட்டும், பிறகு நாள் முழுக்க. இருமுகிறவர் மடித்த பெட்டியில் கேக் வைத்துக் கொடுத்தால் வாங்குகிறவர்கள் ஒருமாதிரி பார்ப்பார்கள் என்று பேக்கரிக்காரர் தயங்கித் தயங்கிச் சொன்னார். அண்ணி வந்து அட்டைக் கட்டுகளைக் கடைக்கு எடுத்துப் போய்விட்டார். வேலையில்லாத கைகளோடு கிழவர் கட்டிலில் உட்கார்ந்து, செய்தித்தாளை எடுத்து நகத்தால் கோடு இழுத்து மடித்துக்கொண்டிருப்பார். யாருக்கும் வேண்டாத பெட்டிகள் கட்டிலுக்கு அடியில் சேர்ந்தன.

அதைப் பார்த்துப் பொறுக்க முடியாமல் ஒரு மத்தியானம், நல்ல மழையில், சின்ன மாப்பிள்ளை கொல்லைக்குப் போய் தார்ப்பாயைத் தூக்கினான். புழுங்கிய நாற்றம் முகத்தில் அடித்தது. அடிவரிசைக் கட்டைகளில் காளான் பூத்திருந்தது. நாலைந்து கட்டைகளை இழுத்துப் போடுவதற்குள் பின்னால் குடையோடு பேக்கரிக்காரர் வந்துவிட்டார். கொட்டுகிற மழையில் யாராவது விறகைத் திறந்து போடுவார்களா, புத்தி இருக்கிறதா என்று கேட்டார்.

சொல்லிவிடத்தான் அவன் வாயைத் திறந்தான். வேறு ஏதோ வெளியே வந்தது.

"எலி சத்தம் கேட்டுது அண்ணே."

"எலியா?" பேக்கரிக்காரர் ஜன்னலைப் பார்த்தார். "அப்ப மாமா அந்த ரூம்ல இருக்கறதே சரியில்லயே."

இல்லாத எலி அவன் வாயிலிருந்து குதித்து நேராக மாமனாரின் கட்டிலுக்கு அடியில் போய்ப் புகுந்துகொண்டது. அவன் தார்ப்பாயை இழுத்து மூடினான்.

டாக்டர் நெஞ்சில் கருவியை வைத்துப் பார்த்துவிட்டு, எங்கிருந்து வந்தவர் என்று விசாரித்தார். வெயில் ஊர் என்றதும் அவருக்குக் காரணம் கிடைத்துவிட்டது. வயசான உடம்பு, ஊர் ஒத்துக்கொள்ளவில்லை, கொஞ்ச காலம் வெயில் பக்கம் அனுப்பிவையுங்கள் என்றார். அந்தச் சொல் வீட்டுக்குள் வந்ததும் எல்லோருக்கும் நிம்மதியானது. அண்ணி அக்கம்பக்கத்தில் சொன்னார், அப்பாவுக்கு ஊர் ஒத்துக்கல. கடைக்கு வருகிறவர்களிடம் சின்னவள் சொன்னாள், அப்பாவுக்கு ஊர் ஒத்துக்கல. ஊரைக் குற்றம் சொன்னால் யாருக்கும் வலிக்காது, ஊர் வந்து எதிர்த்துப் பேசாது. ஊருக்கும் கிழவருக்கும் ஒரு சண்டையும் இல்லை என்பது ஒருவனுக்கு மட்டும் தெரியும். ஒத்துக்கொள்ளாதவன் அவன்தான்.

சாயங்காலம் எல்லோரும் உட்கார்ந்து பேசினார்கள். வெயில் ஊரில் மாமனாருக்கு ஒரு மகன் இருந்தான். புருஷனும் பெண்டாட்டியும் காலையில் வெளியிலிருந்து பூட்டிக்கொண்டு வேலைக்குப் போனால் விளக்கு வைத்த பிறகுதான் வருவார்கள். அங்கே இருந்து பார்த்துவிட்டு, பேசத் துணையில்லாமல்தான் கிழவர் பெரிய மகள் வீட்டுக்கு வந்திருந்தார். மச்சானுக்கும் கொஞ்சம் பொறுப்பு வரட்டும் என்றார் பேக்கரிக்காரர். எலி விஷயத்தையும் மறக்காமல் சொன்னார்.

சின்ன மாப்பிள்ளை, தங்கள் அறையை மாமாவுக்குக் கொடுத்துவிட்டுத் தாங்கள் இருவரும் மாவு மூட்டைகள் பக்கம் படுத்துக்கொள்வதாகச் சொன்னான். சொல்லும்போது அவன் குரல் நடுங்கியதை எல்லோரும் பாசம் என்று எடுத்துக்கொண்டார்கள். அண்ணி கண்ணைத் துடைத்தார். பெற்ற பிள்ளைகூட இப்படிச் சொல்லமாட்டான் என்றார். ஊரே ஒத்துக்கொள்ளாதபோது அறையை மாற்றி என்ன ஆகப்போகிறது என்று பேக்கரிக்காரர் முடித்துவிட்டார். மகளின் அறையைப் பிடுங்கிக்கொள்ள மாட்டேன் என்று கிழவரும் சொல்லிவிட்டார். வெயில் வந்ததும் திரும்பக் கூட்டி வந்துவிடலாம் என்று பேசி எழுந்தார்கள். அன்றிலிருந்து வீட்டில் அவனுக்கு மரியாதை கூடியது. ஒவ்வொரு மரியாதையும் அவனுக்குச் செருப்படி மாதிரி இருந்தது.

மறுநாள் விறகு எடுக்கப் போனவனை மாமனார் ஜன்னலிலிருந்து மெதுவாகக் கூப்பிட்டார். பாதி ஜன்னல் தார்ப்பாயில் மறைந்திருந்ததால் நெற்றியும் கண்ணும்தான் தெரிந்தன.

"மாப்பிள்ளை, நீங்க ஒரு வார்த்தை சொன்னா பெரிய மாப்பிள்ளை கேப்பார். நான் இங்கயே இருந்துக்கறேன். அங்க போனா பூட்டின வீட்டுக்குள்ள என்னை நானே கூப்பிட்டுப் பேசிக்கணும்."

ஒரே ஒரு வார்த்தைதான் கேட்டார். அது இவன் நாக்கில்தான் இருந்தது. கையில் இருந்த கட்டையின் பட்டை ஈரத்தில் உரிந்து வழுக்கியது. அதையே பார்த்துக்கொண்டு அவன் சொன்னான்:

"அங்க வெயில் நல்லா அடிக்கும் மாமா. உங்களுக்கு அதான் நல்லது."

கிழவர், நீங்கள் சொன்னால் சரியாகத்தான் இருக்கும் என்று ஜன்னலை விட்டு நகர்ந்தார். மகள் சொன்னதற்கும் டாக்டர் சொன்னதற்கும் அடங்காமல் முரண்டு பிடித்துக்கொண்டிருந்தவர், இவன் சொன்ன பிறகுதான் பெட்டியை எடுத்து வைத்தார். பஸ் ஏற்றிவிட அவனே போனான். ஜன்னல் ஓரம் பார்த்து உட்காரவைத்தான், துண்டைக் காதைச் சுற்றிக் கட்டிவிட்டான், தண்ணீர் பாட்டில் வாங்கிக் கொடுத்தான். செய்ய வேண்டியதைத் தவிர எல்லாவற்றையும் செய்தான். பஸ் கிளம்பும்போது கிழவர், வெயில் வந்ததும் சொல்லி அனுப்புங்கள் என்றார்.

வெயில் ஒருநாள் காலையில் ஒன்றும் நடக்காத மாதிரி வந்து நின்றது. கூரைகளிலிருந்து ஆவி எழுந்தது. அண்ணி வீட்டிலிருந்த அத்தனை துணியையும் கொடியில் ஏற்றினார். கடையில் பன் வேகமாகத் தீர்ந்தது. பேக்கரிக்காரர் நல்ல மனநிலையில் இருந்தார். மாமா அறை காலியாகத்தானே கிடக்கிறது, அடுத்த மழைக்கு விறகை அதற்குள் வைத்துவிட்டால் கவலையே இல்லை, வாருங்கள் பார்க்கலாம் என்று சின்ன மாப்பிள்ளையைக் கூட்டிக்கொண்டு உள்ளே போனார். கட்டிலை இழுத்தார். கட்டிலுக்கு அடியில் செய்தித்தாள் பெட்டிகள் ஒன்றுக்குள் ஒன்றாகச் செருகி நின்றன. அடுத்து, சாக்குத் திரையைப் பிடித்து ஆணியிலிருந்து கழற்றினார்.

சுவரில் கரும்பச்சையாகப் பூசணம் பூத்திருந்தது. உயரம் மாறாமல் வந்து, தெற்கு மூலையில் சரிந்து இறங்கியிருந்தது. பேக்கரிக்காரர் அந்தச் சரிவை விரலால் தொடர்ந்தார். எட்டி, ஜன்னல் வழியாக வெளியே தார்ப்பாய் எங்கே சரிகிறது என்று பார்த்தார். மறுபடி சுவரைப் பார்த்தார்.

"ஒரு முழம்னு சொன்னேன்."

"சொன்னீங்க அண்ணே."

"கையை விட்டுப் பாத்தேனே."

"முன்னாடி மட்டும் விட்டேன். மீதியை ஒட்டி வச்சுட்டேன். அப்புறம் தெரிஞ்சும் சொல்லல. எலியும் பொய்தான்."

அத்தனையும் ஒரே மூச்சில் வெளியே வந்துவிட்டது. சொல்ல முடியாமல் இத்தனை காலம் நெஞ்சில் அடைத்துக்கொண்டிருந்தது, சொன்னபோது ஒரு தும்மல் அளவுக்குக்கூட இல்லை. அவன் அடியை எதிர்பார்த்து நின்றான். வீட்டை விட்டுப் போ என்றால் போய்விடலாம், அதுவும் ஒரு விடுதலைதான் என்றுகூட அந்த நொடியில் தோன்றியது. மாமாவைக் கூட்டிக்கொண்டு வந்துவிடலாம் அண்ணே, சுவர் காய்ந்துவிடும், நான் போய்க் கூட்டி வருகிறேன் என்றான்.

பேக்கரிக்காரர் அறையை ஒருமுறை சுற்றிப் பார்த்தார். மூலைக்கு மூலை அடி வைத்து நடந்தார். விறகு எவ்வளவு கொள்ளும் என்று கணக்குப் போடுகிறார் என்பது அவன் தொழில் கண்ணுக்குப் புரிந்துவிட்டது.

"அவர் இப்பதான் அங்க பழகியிருப்பார். திரும்ப இழுத்தடிக்க வேணாம்" என்றார் அவர், அவன் முகத்தைப் பார்க்காமல். "இது நம்ம ரெண்டு பேருக்குள்ள இருக்கட்டும் சகலை. உங்களுக்கும் நல்லது."

இத்தனை நாளில் அவர் அவனைச் சகலை என்று கூப்பிட்டது அதுதான் முதல் தடவை. சின்ன மாப்பிள்ளை தலையை ஆட்டினான். இந்தத் தடவை அதில் பொய் இல்லை, அது இன்னும் மோசமாக இருந்தது.

மத்தியானத்துக்கு மேல் விறகைப் பிரித்து உள்ளே கொண்டுவர ஆரம்பித்தான். உளுத்த கட்டைகளை ஒதுக்கினான், நல்லதை மட்டும் எடுத்தான். கட்டில் கிடந்த இடத்தில் சட்டம் போட்டான். பட்டை மேலே பார்க்க வைத்தான். சுவரிலிருந்து ஒரு முழம் தள்ளினான், இந்த முறை ஒரு கோடியிலிருந்து மறுகோடி வரைக்கும். வெளியே அடுக்கு இறங்க இறங்கத் தார்ப்பாய் சரிந்து ஜன்னல் திறந்துகொண்டே வந்தது. தார்ப்பாய் முழுவதும் விழுந்தபோது சாயங்கால வெயில் ஈரச் சுவரின் வெளிப்பக்கம் முழுக்கப் படிந்து, ஜன்னல் வழியாக நேராக உள்ளே வந்து தரையில் விழுந்தது. அப்படி ஒரு வெயில் அந்த அறைக்குள் வரும் என்று அவனுக்கு அதுவரை தெரியாது.

சின்னவள் போனைக் கையில் வைத்துக்கொண்டு வாசலில் வந்து நின்றாள். வெயிலுக்குக் கண்ணைச் சுருக்கினாள். முகத்தில் சிரிப்பு.

"அப்பாங்க. அங்க வெயில் வந்துடுச்சான்னு கேக்கறார். நான் சொன்னா நம்பமாட்டாராம், உங்க வாயால கேக்கணுமாம்."

அறைக்கு வெளியே பேக்கரிக்காரர் கட்டைகளைக் கீழே வைக்கிற சத்தம் நின்றது. சின்ன மாப்பிள்ளை மரத்தூள் படிந்த கையை வேட்டியில் துடைத்துக்கொண்டு போனை வாங்கினான். அந்தப் பக்கம் இருமல் இல்லை. பூட்டிய வீட்டின் அமைதிதான் கேட்டது. அப்புறம், மாப்பிள்ளை என்று கிழவரின் குரல்.

"இன்னும் வரல மாமா" என்றான் அவன். "மழைதான். வந்ததும் சொல்றேன்."

சின்னவள் தன் தோளில் விழுந்திருந்த வெயிலைக் குனிந்து பார்த்தாள். அவனுக்குப் பின்னால் இருந்த சுவரைப் பார்த்தாள். சிரிப்பு போய்விட்டது. கையை நீட்டி அவனிடமிருந்து போனை வாங்கிக்கொண்டாள்.